வரிசையில் கடைசி கேப்டன்

பதினோரு வருடம் கேப்டனாகப் பறந்தவள், நாற்பத்து மூன்றாவது வயதில் மறுபடியும் துணை விமானி ஆனாள். அவள் இருந்த சின்ன விமான நிறுவனத்தை இழுத்து மூடிவிட்டார்கள். புதிய இடத்தில் சேர்ந்த தேதிதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது: கேப்டன் பதவி, ஞாயிறு விடுப்பு, பறக்கும் தடம். அறுபத்தொரு பேர் பட்டியலில் அவள் கடைசி. முன்பு அவளிடம் பயிற்சி பெற்றவனே இப்போது அவளுக்குக் கேப்டன். பழக்க தோஷத்தில், "மேடம், சக்கரத்த இறக்கிடலாமா?" என்று அவளிடமே அனுமதி கேட்பான்.

விமானிகள் சங்கக் கூட்டத்தில், வெளியே பறந்த வருடங்களையும் சேர்த்துக்கொள்ளும்படி ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். பட்டியலில் முதல் ஆளான, 'ஒண்ணாம் நம்பர்' என்று எல்லோரும் அழைக்கும் வழுக்கைத்தலைக் கேப்டன் எழுந்தார்.

"இருபத்திரண்டு வருஷம் வரிசையில நின்னு வந்தவன்மா நான். நடுவுல புகுந்தா எப்படி?"

அதிலும் நியாயம் இருந்ததால் அவளுக்குக் கோபம்கூட முழுதாக வரவில்லை.

இரண்டு மாதம் போயிற்று. ஒருநாள் காலை, அவசரத்துக்கு அழைத்தால் பறக்க வேண்டிய முறை அவளுடையது. சீருடையோடு விமான நிலையக் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். பெட்டியை இழுத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்தார் ஒண்ணாம் நம்பர். வெளியூரில் மகளுக்குப் பிரசவ வலி. அவர் பயணியாகப் போக வேண்டிய எட்டு மணி விமானம் ரத்து.

"மழையில்ல, மேகமில்ல, விமானமும் ஜம்முனு நிக்குது. ஏன் ரத்தாம்?"

"கேப்டனுக்குக் காய்ச்சல் சார். வேற கேப்டன் இல்ல. நீங்க ஓட்டலாம்னா, நேத்துப் பறந்ததுக்கு ஓய்வு நேரம் இன்னும் முடியல."

"நீ இருக்கியே!"

"நான் அறுபத்தொண்ணு சார்."

அவர் அப்படியே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"டீ எப்படி இருக்கு?"

"சுமார்தான்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் ஆறு மணி நேரம் பேருந்தில் போனார். மாலையில் அவரிடமிருந்து போன் வந்தது: "பேத்தி பொறந்துட்டாம்மா. எனக்கு முன்னாடியே வந்து சேந்துட்டா. வரிசைன்னா என்னன்னே தெரியாதவ!"

திரும்பி வந்ததும் அவரே சங்கத்தைக் கூட்டி, வெளியே பறந்த வருடங்களையும் கணக்கில் எடுக்கலாம் என்றார்.

"அப்ப என் முறை என்னாகும்?" என்றாள், ஆறு வருடமாகக் காத்திருந்த துணை விமானி ஒருத்தி.

"காலியா இருக்கிற ஆறு கேப்டன் இடத்துல ரெண்டு மட்டும் வெளி அனுபவத்துக்கு. மிச்சம் நாலும் வரிசைப்படி. சிபாரிசு எதுவும் கிடையாது, எல்லாருக்கும் ஒரே பரீட்சை. லீவு மட்டும் பழையபடிதான்."

அந்தப் பெண் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். நாலுக்குள் அவள் இருந்தாள். முதலில் உயர்ந்த கை அவளுடையதுதான். ஆதரவு நாற்பத்து நாலு, எதிர்ப்பு பதினைந்து. மீதி இருவர் வானத்தில் இருந்தார்கள். நிர்வாகமும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது.

பரீட்சையில் தேறி, மூன்றாவது வாரம் அறுபத்தொன்றாம் ஆளான அவளும் கேப்டனுக்குரிய இடது இருக்கையில் உட்கார்ந்தாள். தரையிறங்கியதும் வாசலில் நின்று பயணிகளை வழியனுப்பினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் கேட்டார்:

"ஓட்டினது நீயாம்மா?"

"ஆமாங்க."

"வந்து சேந்ததே தெரியல. நல்லாத் தூங்கிட்டேன்."

வீட்டுக்குப் போன் செய்தபோது கணவனிடம் அவள் முதலில் சொன்னது அதைத்தான்.