இரண்டு கையெழுத்து

ஜஸ்ரின் தன் ஃபோனைக் கோப்பிக்கடை மேசையில் மல்லாத்தி வைத்து, வரைபடத்தில் கடலை இரண்டு விரலால் அகட்டினான். நீலம், பிறகும் நீலம். கடைசியில் எள்ளுப் போல ஒரு புள்ளி வந்தது.

"உதுதான் அண்ணை தீவு. ஒரு நுனியிலை இருந்து மற்ற நுனிக்கு நடக்க இருவது நிமிசமாம்."

அந்த எள்ளில்தான் என் மகள் றஜிதா ஐந்து மாதமாக இருந்தாள். நான் கனடாவுக்கு வந்து குடும்பத்தைக் கூப்பிட்டபோது அவள் ஊரில் கலியாணம் முடித்திருந்தாள். முடித்த பிள்ளை குடும்பக் கணக்கில் வராது என்று கந்தோரில் சொல்லிவிட்டார்கள். பெற்ற பிள்ளை எப்படிக் கணக்கில் வராது என்று கேட்க எனக்கு அப்போது இங்கிலீசு இல்லை, இப்போதும் பெரிதாக இல்லை. பிறகு அவளுடைய புருசன் செத்தான். அவன் ஆருக்கு என்ன செய்தான் என்று விசாரிக்க வீட்டுக்கு வருகிறவர்கள் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. முப்பத்தாறு வயதில் பத்துப் பேரோடு வள்ளம் ஏறினாள். பிரெஞ்சுக்காரன் ஆளுகிற பெரிய தீவு ஒன்றுக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. நடுக்கடலில் இயந்திரம் நின்றது. பன்னிரண்டு நாள் இழுபட்டு இந்தப் புள்ளியில் ஒதுங்கினார்கள். மழையும் காற்றும் அளக்கிற ஆறு பேரைத் தவிர அங்கே மனிசர் இல்லை.

ஒதுங்கின பிறகுதான் வில்லங்கம் தெரிந்தது. அந்தத் தீவு தன்னுடையது என்கிறான் இங்கிலீசுக்காரன், தன்னுடையது என்கிறான் பிரெஞ்சுக்காரன். இருநூறு வருசத்துக்கு முன்னம் இரண்டு பேரும் சண்டை முடித்து, பிடித்த இடங்களையெல்லாம் பங்கு பிரித்து எழுதினார்களாம். இது எழுத விடுபட்டுப்போச்சுதாம். யாழ்ப்பாணத்தைப் போத்துக்கீசனும் ஒல்லாந்தனும் இங்கிலீசுக்காரனும் கைமாற்றினபோது எங்களை ஒருவனும் கேட்கவில்லை. இந்தத் தீவில் கேட்பதற்கும் ஆளில்லை. இப்போது பதினொரு பேர் போய் விழுந்ததும், இரண்டு பேரும் ஆளுக்கொரு கடதாசியோடு வருகிறார்கள். நான் இறங்கிய மண் இன்ன நாட்டு மண், அந்த நாட்டிடம் தஞ்சம் கேட்கிறேன் என்று கையெழுத்து வைக்க வேண்டும். வைக்கிறவரை அந்த நாடு கூட்டிக்கொண்டு போகும்.

"எங்களிலை இரக்கப்பட்டு இல்லை அண்ணை," என்றான் ஜஸ்ரின். "பதினொரு பேர் இது இங்கிலீசுக்காரன்ரை மண் எண்டு எழுதிக் குடுத்தால், அவன்ரை வழக்குக் கட்டிலை அது ஒரு சாட்சி. அவ்வளவுதான்."

அவனுடைய தம்பி அந்த வள்ளத்தில் வந்தவன். எங்களோடு வருகிற அன்ரனெற்றின் புருசனும் அதில்தான். அந்தப் பதினொரு பேருக்கும் ரொறன்ரோவில் இருக்கிற சொந்தம் நாங்கள் சிலர், ஞாயிறு தோறும் மோர்னிங்சைட் பக்கம் ஒரு கோப்பிக்கடையில் கூடினோம். முதல் ஞாயிறு எல்லாரும் அழுதோம். இரண்டாம் ஞாயிறு சண்டை தொடங்கியது.

"பிரெஞ்சுக்காரன் சாப்பாடாவது ஒழுங்காக் குடுப்பான். என்ரை அண்ணா முப்பது வரியமா பாரிசிலை. எல்லாரும் அதிலை வைக்கட்டும்," என்றாள் அன்ரனெற்.

"ஓமோம், பாசை தெரியாமல் ஊமையாத் திரியட்டும். லண்டன்காரன்ரை கடதாசி எண்டால் கோட்டுக்குப் போகலாம், வழக்காடலாம்," என்றான் ஜஸ்ரின்.

"உங்கட தம்பி போய் வழக்காடட்டும். என்ரை மனுசன் உயிரோடை வந்தால் எனக்குக் காணும்."

அந்தக் கடதாசியை இரண்டு பேரும் கண்ணால் கண்டதில்லை. நாலாம் ஞாயிறு அதே கடையில் லண்டன்காரர் யன்னலடி மேசையிலும் பாரிஸ்காரர் கக்கூசடி மேசையிலும் இருந்தார்கள். நான் நடுவில் தனியாக இருந்தேன். ஜஸ்ரின் கோப்பி வாங்கித் தந்தான். அன்ரனெற் வீட்டில் பொரித்த றோல்ஸ் கொண்டுவந்து தந்தாள். கோப்பியைக் குடித்தேன், றோல்ஸைத் தின்றேன், இரண்டு பேரையும் நம்பவில்லை.

நான் நாட்டைவிட்டு வெளிக்கிட்ட காலத்தில் இரண்டு ஏஜென்சிக்காரரிடம் பாஸ்போட்டுக்குப் படம் கொடுத்து வைத்திருந்தேன். ஒருவன் படத்தோடு ஓடிவிட்டான். மற்றவன் கொண்டுவந்து சேர்த்தான். ஒருவனை மட்டும் நம்பியிருந்தால் எங்கேயோ செத்திருப்பேன் என்பது என் எண்ணம்.

அந்த நாலாம் ஞாயிறு காலை றஜிதா எனக்கு ஃபோன் எடுத்தாள். மழை அளக்கிறவர்களின் ஃபோனில் ஆளுக்கு ஐந்து நிமிசம்.

"அப்பா, நாளைக்கு ரெண்டு பகுதியும் வருகினம். இஞ்சை ஆறு பேர் பிரெஞ்சு எண்டினம், நாலு பேர் லண்டன் எண்டினம். நான் எதிலை வைக்க?"

"ரெண்டிலையும் வை."

"ரெண்டிலையுமோ?"

"ஓம். ஒருத்தனிட்டை வைச்சது மற்றவனுக்குத் தெரியத் தேவையில்லை. வாயைத் திறவாமல் வை."

என் மனிசி கமலாம்பிகை அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இஞ்சாருங்கோ, பிள்ளையை ரெண்டு தோணியிலை கால் வைக்கச் சொல்லுறியள்," என்றாள்.

"நீ சும்மா இரு. எந்தத் தோணி ஓட்டையெண்டு உனக்குத் தெரியுமோ?"

என் கணக்கு இதுதான். எங்கள் சனம் கோபம் என்றால் செத்தவீட்டுக்கும் போகாது. என் சொந்தத் தமையனோடு ஒரு வேலிக்காகப் பத்தொன்பது வருசம் கதையாமல் இருந்தேன். இருநூறு வருசமாகப் பகையாக இருக்கிற இரண்டு பேர் ஒருவனுக்கு ஒருவன் என்னத்தைச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

அவர்கள் சொன்னார்கள். அவள் இரண்டிலும் கையெழுத்து வைத்த அன்று பின்னேரமே பெயர்ப் பட்டியலை ஒருவருக்கொருவர் அனுப்பினார்களாம். இப்படிப்பட்ட பகைகாரர் கிழமைக்கு ஒரு கடிதம் எழுதுவார்களாம், நத்தாருக்கு வாழ்த்து அட்டையும் போகுமாம். இதை எனக்கு விளங்கப்படுத்தினது, பிறகு நான் வழக்குக்குப் பிடித்த லோயர்ப் பெண். பிரெஞ்சுக் கப்பல் வந்து ஆறு பேரை ஏற்றியது. இரண்டு நாள் கழித்து இங்கிலீசுக் கப்பல் நாலு பேரை ஏற்றியது. என் மகளின் பெயரை இரண்டு பேரும் வெட்டிவிட்டார்கள். இவள் இது மற்றவன்ரை மண் என்று ஒப்புக்கொண்டவள், மற்றவனே பார்க்கட்டும் என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். லோயர் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். கீழே கையெழுத்து மட்டும்தான் வேறு.

கோப்பிக்கடைக் கூட்டம் அதோடு முடிந்தது. அன்ரனெற் ஃபோன் எடுத்து, "குறை நினையாதேங்கோ அங்கிள், இனி நான் வரேல்லை. உங்களுக்காக மாதாவிட்டை நேந்திருக்கிறன்," என்று அழுதாள். ஜஸ்ரின் எடுக்கவேயில்லை. ஒருநாள் சாமான் கடையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் அவன் தலையைக் கண்டேன். அது கீழே போய்விட்டது.

கமலாம்பிகை ஏசினால் நல்லாயிருக்கும் என்று இருந்தது. அவள் ஏசவில்லை. தேத்தண்ணியை எனக்கு முன்னால் வைத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு போவாள்.

எம்.பி. கந்தோருக்கு மூன்று தரம் போனேன். அங்கே இருக்கிற துர்க்கா என்ற பெட்டை நல்ல பிள்ளை, தமிழும் கதைக்கும்.

"அங்கிள், அந்தத் தீவிலை கனடாவுக்கு ஒரு உரிமையும் இல்லை. நாங்கள் ரெண்டு பக்கத்துக்கும் ஒரு லெட்டர்தான் போடலாம்."

"நான் தீவைக் கேக்கேல்லைப் பிள்ளை. மகளைக் கேக்கிறன்."

"I know, அங்கிள்," என்று சொல்லிப் பெட்டை கண்ணைத் துடைத்தது. கண்ணைத் துடைக்கிறவர்களால் காரியம் ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நாலாம் தரமும் வெளிக்கிட்டேன். வியாழக்கிழமை, விடியப் பெய்த சினோ தெருவோரத்தில் கறுத்துக் கிடந்தது. பஸ் தரிப்பில் நிற்கும்போது ஃபோன் அடித்தது. ஆளுக்கு ஐந்து நிமிசம் என்ற கட்டு இப்போது இல்லை. வள்ளத்தில் வந்தவர்களில் அங்கே மிச்சம் அவள் ஒருத்திதான்.

"அப்பா, மழை அளக்கிற ஆக்கள் நாளைக்கு மாறுகினம். விமானம் வருகுது. ஒரு கையெழுத்தை வாபஸ் வாங்கிறன் எண்டு எழுதித் தந்தால் கொண்டுபோய் மற்ற நாட்டுக்காரரிட்டைக் குடுக்கிறன் எண்டு அவையின்ரை பெரியவர் சொல்லுறார்."

"எதையாம்?"

"அதை அவர் சொல்லேல்லை. என்னைத்தான் யோசிக்கட்டாம்."

எனக்கு உடனே வாயில் வந்தது. எழுதாதே, வாபஸ் வாங்கினால் உள்ளதும் போகும், அந்தப் பெரியவன் ஆருடைய ஆளென்று விசாரி. அல்லது எழுது, இரண்டு விதமாகவும் எழுதி வைத்துக்கொள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

"பிள்ளை, நான் சொல்லுறதைக் கேள்..."

"வேண்டாம் அப்பா."

"இல்லையடி..."

"ஒண்டும் சொல்லாதேங்கோ. நான் யோசிக்கிறன். சும்மா லைனிலை நில்லுங்கோ."

நின்றேன். அவள் நடக்கிறாள் போலிருந்தது, காலடியில் பருக்கைக்கல் நொறுங்கியது. பிறகு அதுவும் நின்று காற்று மட்டும் இரைந்தது. அந்தக் காற்றா, என் காதுக்குப் பக்கத்தில் அடிக்கிற காற்றா என்று பிரிக்க முடியவில்லை. பஸ் வந்து, புஸ்ஸென்று ஒரு பக்கம் பணிந்து, கதவைத் திறந்தது. உள்ளிருந்து வெக்கை முகத்தில் பட்டது. சாரதி என்னைப் பார்த்து, ஏறுகிறாயா என்று கையால் கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அமத்திக்கொண்டு நின்றேன். பஸ் பணிந்தபடியே நின்றது. உள்ளே இருந்த சனம் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்க்கத் தொடங்கியது.