வெங்கடாசலம் சாரின் டிக்குகள்

கொல்லிமலையில் எங்கள் செம்மேடு ஆபீசுக்கு இணையத்தில் சான்றிதழ் தரும் திட்டம் வந்ததிலிருந்து ஆபீசர் வெங்கடாசலம் சாருக்குத் தூக்கம் போனது. என் பெயரில் உள்ளே நுழைந்தால் திரையில் நாலு பட்டன். அவர் பெயரில் நுழைந்தால் 'ஒப்புதல்' என்று ஒன்றே ஒன்று.

"ஏம்மா மைதிலி, ஆபரேட்டருக்கு நாலு, ஆபீசருக்கு ஒண்ணா? எந்த ஊரு நியாயம் இது?"

"அதெல்லாம் டைப் அடிக்கிற வேலைங்க சார்" என்றேன். கேட்டால்தானே! மலையிறங்கிப் போய் மாவட்ட ஆபீசில் சண்டை போட்டு, எல்லா உரிமையையும் தன் பெயருக்கு வாங்கிவந்தார். வந்ததும் என்னுடையதைப் பிடுங்கினார். யாருக்கு என்ன உரிமை என்று பார்க்க ஒரு பக்கம் உண்டு. பெயரை அடித்தால் டிக் டிக்காக வரும். தினமும் ராசிபலன் பார்க்கிற மாதிரி அதில் தன் பெயரைப் பார்ப்பார். பிறகு என் பெயரை அடித்து, ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொள்வார்.

அந்த நேரம் பார்த்துத்தானா ஆலத்தூர் நாட்டு ராசப்பன் மகள் மேனகா வரவேண்டும்! மறுநாள் காலை சென்னையில் நர்சிங் கவுன்சிலிங். சாதிச் சான்றிதழ் வேண்டும். விசாரணையெல்லாம் முடிந்துவிட்டது, கணினியில் ஏற்றுவதுதான் பாக்கி. சாயங்கால பஸ்ஸை விட்டால் சீட் போச்சு.

"நானே அடிக்கிறேன்" என்று சார் மதியம் முழுக்க ஒற்றை விரலால் தட்டினார். கடைசியில் ஒப்புதலை அழுத்தினார். பதிந்தவரே ஒப்புதல் தர முடியாது என்றது திரை.

மாவட்ட ஆபீசுக்குப் போன் போட்டார். "பதியற உரிமைய அந்தப் பொண்ணுக்கே குடுத்துருங்க சார், உங்க கையிலதான இருக்குது" என்றார்கள். ஒரே ஒரு டிக்.

"புடுங்குனத நானே திருப்பிக் குடுத்தா எவன் மதிப்பான்?" என்று டீ சொன்னார்.

"ஏனுங்க சார், பஸ்ஸு வந்துருமுங்க" என்று மேனகா கெஞ்சினாள்.

குடித்து முடித்து டிக் போட்டார். போட்டுவிட்டுச் சும்மா இருந்தாரா? அது சரியாக விழுந்ததா என்று அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். எங்கள் மலை இணைப்பில் அது ஆடி அசைந்து வந்தது. அப்புறம்தான் என்னை அடிக்கவிட்டு, ஒப்புதலை அழுத்தினார். பிரிண்டரில் சான்றிதழ் பாதி வரும்போது ஹாரன் கேட்டது. தாள் முழுசாக வந்ததும் மேனகா உருவிக்கொண்டு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். பஸ் போய்விட்டது.

சார் அதற்குள் என் டிக்கை எடுத்துவிட்டிருந்தார்.

"இத்தன டிக்கு வச்சிருக்கீங்களே சார்" என்றாள் மேனகா. கண்ணைக்கூடத் துடைக்கவில்லை. "அந்த பஸ்ஸத் திருப்பறதுக்கு எந்த டிக்குங்க?"

அவர் நிஜமாகவே திரையைத் திரும்பிப் பார்த்தார்.