கிழக்கே போன கல்

யேசுரத்தினம் ஐஸ் கம்பெனி தொடங்கிய காலத்தில் கடற்கரையில் அவனை ஒரு ஆளாகவே யாரும் மதிக்கவில்லை. உள்நாட்டுக்காரன், கத்தோலிக்கக் கடற்கரையில் சி.எஸ்.ஐ. சபைக்காரன், வள்ளத்தில் கால் வைத்தாலே வாந்தி எடுப்பவன். மீன் விற்கும் பெண்களையெல்லாம் அவனிடம் ஐஸ் எடுக்க வைத்தவள், அவர்களில் மூத்தவளான ஞானசெல்விதான்.

ஒரு கம்பெனி மூன்றானது. தோளில் கட்சித் துண்டு ஏறியது. சட்டமன்றத் தேர்தலில் சீட்டும் கிடைத்தது. அந்த ஊரில் ஓட்டு ஆளுக்கொரு பக்கமாக விழாது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் கூடிப் பேசி, ஊரே ஒரு பக்கமாகச் சாயும். அந்தத் தேர்தலுக்குக் கூடியபோது, ரத்தினத்துக்குப் போட மாட்டோம் என்று ஞானசெல்விக்குக் கொழுந்தன் முறையான மரியஜானும் மற்ற ஆண்களும் முரண்டுபிடிக்க, ஞானசெல்வி எழுந்தாள்.

“இவன் செயிச்சா தூண்டில் வளைவு கொண்டு வருவான். அதுக்கு நான் பொறுப்பு.”

தூண்டில் வளைவு என்றால் கடலுக்குள் கல்லைக் கொட்டி வளைத்துக் கட்டுகிற தடுப்பு. வருசா வருசம் ஆடியில் கடல் ஒரு வரிசை வீடுகளைக் கொண்டுபோகிறது. அடுத்த வரிசையில் அவள் வீடு.

ரத்தினம் வென்றான், மந்திரியும் ஆனான். சொன்னபடி கல் லாரிகளும் வந்தன. சந்து குறுகலானதால் லாரி திரும்ப முடியவில்லை. ஞானசெல்வி சிரித்துக்கொண்டே தன் வீட்டு முன்சுவரை இடிக்கச் சொன்னாள். டிரைவர்களுக்குக் கட்டன்சாயாவும் போட்டுக் கொடுத்தாள். லாரிகள் கரையில் இறங்கின. இறங்கி, கிழக்கே திரும்பிப் போய்க்கொண்டே இருந்தன. அங்கே மந்திரியின் மைத்துனன் பேரில் ஒரு ரிசார்ட் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் கடலில் கல்லைக் கொட்டித் தடுத்தால் அலை இங்கேதான் ஏறும் என்பது கடற்கரையில் நண்டுக்கும் தெரியும்.

ஞானசெல்வி நாகர்கோவிலில் ரத்தினத்தின் வீட்டுக்கே போனாள். அவன் எழுந்து வந்து கையைப் பிடித்து உட்காரவைத்தான். முகத்தில் கூச்சம் கொஞ்சம்கூட இல்லை.

“எக்கா, அடுத்த வருசம் ஒங்களுக்கும் வளைவு உண்டு. ஊர்ல ஆளுவ மறியலுக்கு எறங்கிராம பாத்துக்கிடுங்க. நீங்க பறஞ்சா கேப்பாங்க.”

“நான் பறஞ்சு அவங்க கேட்டதுனாலதாம்ல இந்த நெலமை. அவங்க ஓட்டுப் போட்டது ஒனக்கில்ல, எனக்காக்கும்.”

“அதாங்க்கா. அந்த மரியாதை ஒங்களுக்கு இப்பவும் இருக்கில்லியா,” என்றான் அவன்.

பாவி, என் நாக்கை இன்னொரு தடவை வாடகைக்குக் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டே எழுந்தாள். அவன் வீட்டுத் தண்ணீரைக்கூடத் தொடாமல் வெளியே வந்தாள்.

ஆடியில் கடல் ஏறியது. அவள் சாமான்களை வெளியே எடுக்க முதலில் ஓடிவந்தவன் மரியஜான். கட்டிலைத் தூக்கினான், பாத்திரங்களைத் தூக்கினான். கோயில் முற்றத்தில் அவள் பொறுப்பேற்றுச் சொன்ன வாக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஞானசெல்வியால் தாங்க முடியவில்லை.

“ரெண்டு வார்த்த ஏசிட்டுப் போ மக்கா.”

“அலமாரிக்க அந்தப் பக்கத்தப் பிடிங்க மைனி,” என்றான் மரியஜான். “தண்ணி உள்ள வருது.”