கல்லுக்குத் தலகாணி

"இந்தா பாரு மாப்ளே, இருபதடிக் கல்லு. ஒத்தக் கையில நிமித்துனேன். மத்தக் கையில பீடி. அந்தப் பீடி அணையக்கூட இல்ல."

இதைச் சொன்ன ஆண்டியப்பனின் தலையை நிமிர்த்தவே அன்று காலையில் இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒரு பக்கம் மனைவி வேலாயி, மறுபக்கம் அவள் தம்பி செல்லசாமி. படுத்தால் அவருக்கு மூச்சு முட்டியது. மடித்த கம்பளி, பழைய சேலை, தேயிலைக் கொழுந்துச் சாக்கு என்று தலைக்கடியில் ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகிக்கொண்டிருந்தாள் வேலாயி.

"போன தீவாளிக்குப் பத்தொம்பது அடின்னீங்க, மச்சான்," என்றான் செல்லசாமி.

"கல்லும் வளரும்டா."

வளர்ந்ததுதான். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த வருசம் அந்தக் கல் ஆறடி. அதற்குப் பிறகு பதினாலு வருசம், வருசத்துக்கு ஓரடி. இன்னும் கொஞ்ச காலம் போயிருந்தால், டயகமத் தோட்டத்தில் நின்ற கல்லின் உச்சியில் ஏறி ஹட்டன் ஸ்டேசன் ரயிலுக்குக் கொடி காட்டியிருக்கலாம்.

அப்போதிருந்த பெரிய துரைக்கு ஸ்காட்லாந்துக்கும் வடக்கே ஒரு தீவுதான் சொந்த ஊர். ஆசை நாய் செத்தபோது, தம் ஊரில் ஆதிகாலத்து மனிதர்கள் நிறுத்திவைத்த கற்களைப் போல அதற்கும் ஒன்று நிறுத்தச் சொல்லிக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாராம். ஹட்டனைத் தாண்டியறியாத ஆண்டியப்பன் அன்று முதல் அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவரானார்.

"அங்க கல்லுக வட்டமா நிக்கும் மாப்ளே, காலப் பெரட்டுல பேரு குடுக்க ஆளு நிக்கிற மாதிரி. யாரு நட்டாங்க, எதுக்கு நட்டாங்க, ஒருத்தனுக்கும் தெரியாது. பக்கத்துல ஒரு மண்மேடு. அதுக்குள்ள கல்லு வீடு. செத்தவங்க எலும்பெல்லாம் அதுல ஒண்ணாக் கெடக்கும். வாசல் இம்புட்டுத்தான். ராசாவே வந்தாலும் குனிஞ்சுதான் போகணும். குளிர் காலத்துல கொஞ்ச நாளு வெயிலும் தவழ்ந்து உள்ள போயி, சௌக்கியமான்னு கேட்டுட்டு வரும்."

நாயின் கல்லைப் பின்னால் வந்த துரை உடைத்துத் தண்ணீர் ஓடும் கான் பாலத்துக்குப் போட்டுவிட்டார். கூட நின்று நிமிர்த்தியவர்கள் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சிய ஒரே சாட்சி நாய், அதுவும் குழிக்குள். ஆனாலும் கதை நன்றாயிருந்ததால் லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் நம்பின. செல்லசாமி ஒருவன்தான் நம்பவில்லை.

"எனக்கும் ஒரு கல்லு நிறுத்துங்க," என்றார் ஆண்டியப்பன். "இருபதடி வேணாம். ஆளுசரம் போதும். மயானத்து ஓரமா ரோட்டுக்கு ஒடச்ச கல்லு ஒண்ணு கெடக்கே."

"அதத் தூக்க யானைதான் வரணும்."

"தூக்கக் கூடாதுடா. பதினாலு வருசமா என்னத்தக் கேட்ட? கல்லுக்குத் தலகாணி வைக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். வழக்கமாகச் சிரிப்புக்குப் பின்னால் வரும் இருமல் வரவில்லை. வேலாயி இன்னொரு சேலையை மடித்துக்கொண்டு வந்தாள். வைக்க வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் செல்லசாமி கோடித்துணி போர்த்தினான். தப்புச் சத்தம் மலைக்கு மலை போய்த் திரும்பியது. பாடையைத் தூக்கும்போது வேலாயி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அந்த மனுசன் வாய்விட்டுக் கேட்டது இது ஒண்ணுதான். நீதான் பொய்யி பொய்யின்னு சொன்னவன். கல்லு நிக்காம நீ வூட்டுக்கு வராத."

மண் தள்ளி முடிந்ததும் கூட்டம் கலைந்தது. செல்லசாமியோடு ஆறு பேர் நின்றார்கள். கல் ஓரமாகக் கிடந்தது. ஆறு பேரும் கையைக் கொடுத்து முக்கினார்கள். அவர்கள் முதுகுதான் முறிந்தது, கல் அசையவில்லை.

"எரும மாதிரி படுத்திருக்கு," என்றான் ஆறு பேரில் ஒருவனான சிவசாமி. "மாலையப் போட்டுட்டுப் போவோம். ஒம் மச்சான் கோவிச்சுக்க மாட்டாரு."

செல்லசாமி ஒரு பீடியைப் பற்றவைத்தான். நம்புகிறவன் கதையை அரைத்தூக்கத்தில் கேட்பான். பொய்யைப் பிடிக்கக் காத்திருப்பவன்தான் ஒரு சொல் விடாமல் கேட்பான். பதினாலு தீபாவளியும் அவன் அப்படித்தான் கேட்டிருந்தான்.

"மச்சான் தலமாட்டுல குழி வெட்டு," என்றான். "அந்தப் பக்கம் செங்குத்தா. இந்தப் பக்கம் சரிவா. உருட்டுக் கட்டை போட்டு, கல்லோட அடிய சரிவு மேல கொண்டாந்து விடு."

"அப்புறம்?"

"இரும்பு அலவாங்கு குடுத்து மேல்பக்கத்த நாலு விரக்கடை எழுப்பு. போதும். எழுப்பின எடத்துல சின்னக் கல்லுகளச் செருகு. மறுபடி நாலு விரக்கடை."

"எங்கடா படிச்ச இத?"

"பேசாமச் செருகு."

சொல்லச் சொல்ல மச்சானின் குரலே அவன் வாயிலிருந்து வந்தது. தலையணை மேல் தலையணை ஏறியது. கல்லின் அடி சரிவில் வழுக்கிக் குழிக்குள் இறங்கியபோது மலையே இருமியது போலிருந்தது. இப்போது கல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது, காலையில் மச்சான் சாய்ந்திருந்த மாதிரியே. செல்லசாமி கொஞ்சநேரம் வேறு பக்கம் பார்த்தான்.

தூறல் விழுந்தது. ஐந்து பேர் ஐந்து அலவாங்குகளில் தொங்கினார்கள். செல்லசாமி இன்னொரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பின்னால் நின்று அளவு பார்த்தான். கல் இன்னும் ஒரு சாண் நிமிர வேண்டும்.

"ஒரு தள்ளு," என்று பல்லைக் கடித்தான் சிவசாமி. "யாராச்சும் ஒரு தள்ளு."

செல்லசாமி ஓடிப் போய்த் தள்ளினான். கல் ஒரு கணம் யோசித்தது. பிறகு தூங்கி எழுந்த ஆளைப் போல நேராக நின்றது. ஐந்து பேரும் அவசரமாகச் சுற்றிலும் கல்லும் மண்ணும் போட்டு இடித்தார்கள். செல்லசாமி மட்டும் தன் இடது கையைப் பார்த்தான்.

லயத்துக்குக் கீழே தண்ணீர் கொட்டும் பீலியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வேலாயி காத்திருந்தாள்.

"நின்னுச்சா?"

"நின்னுச்சுக்கா."

"எத்தன பேரு நிமித்துனீங்க?"

அவன் பீலித் தண்ணீரைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "கடைசில ஒத்தக் கைதான்க்கா. மச்சான் சொன்னது நெசந்தான்."

வேலாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மத்தக் கையில?"

தூறல் படாமல் அவ்வளவு நேரமும் பொத்திவைத்திருந்த இடது கையைச் செல்லசாமி விரித்துக் காட்டினான். பீடியின் நுனி இன்னும் சிவந்திருந்தது.