இல்லாத போதகரின் பிரசங்கங்கள்

அரபு நாட்டு நகரமான தெலெம்சனில் வெள்ளிதான் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். அங்கே படிக்க வந்த ருவரஷேவுக்குக் காலை எட்டு மணிக்கே மருந்தியல் ஆய்வுக்கூடம். ஆராதனை வெள்ளிக்கிழமைதான். அதுவும் கத்தோலிக்கக் கோயிலில், புருண்டி, உகாண்டா, கினி-பிசாவு என்று பல நாடுகளிலிருந்து வந்து சேர்ந்த முப்பது மாணவர்களோடு. அந்த ஊரில் வேறு கிறிஸ்தவக் கோயில் கிடையாது.

இதை முதல் ஞாயிறே அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா சொந்த ஊரான முத்தாரேயில், கத்தோலிக்கரோடு சேராத மெதடிஸ்ட் சபையின் பெண்கள் சங்கச் செயலாளர். வியாழன் தவறாமல் சங்கச் சீருடையான சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஜெபக் கூட்டத்துக்குப் போகிறவள். ஆய்வுக்கூட வாசலில் நின்று ருவரஷே போனை எடுத்தபோது, அம்மா கேட்ட முதல் கேள்வியே சபையைப் பற்றித்தான்.

"சபைக்குப் போனியா, ருவா?"

"போனேம்மா."

"யாரு பிரசங்கம்?"

ஊர்ப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரின் பெயர் வாயில் வந்தது. "பாஸ்டர் மடோண்டோ."

"நம்ம நாட்டு ஆளா! ஸ்தோத்திரம்! என்ன பேசினார்?"

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு பிரசங்கம் தேவைப்பட்டது. சோதனைக் குழாய்களைக் கழுவும்போதே ருவா யோசித்து வைத்துக்கொள்வாள். வாயில் வந்ததைச் சொல்லித்தான் ஆரம்பித்தாள். ஆனால் அம்மா துருவித் துருவிக் கேட்பவள், அரைகுறையாகச் சொன்னால் விடமாட்டாள். அதனால் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து வேதத்தைப் படிக்க வேண்டியதாயிற்று. ஊரில் இருந்தவரை அவள் அப்படிப் படித்ததே இல்லை.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆராதனை நடத்த ஒரான் நகரிலிருந்து வந்துகொண்டிருந்த பாதர் ஓபியோவின் கார் பனியில் மாட்டிக்கொண்டது. பாட்டையும் வாசகத்தையும் நீங்களே நடத்துங்கள், யாராவது நாலு வார்த்தை பேசுங்கள் என்று போனில் சொல்லிவிட்டார். பாடகர் குழுவை நடத்தும் டோமிசியான் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"ருவா, நீ பேசேன். மெதடிஸ்ட்காரங்க நீங்கள்லாம் பிரசங்கத்துலயே பொறந்து வளர்ந்தவங்கதானே."

ருவா எழுந்து முன்னால் போனாள். வேதத்தில் வரும், குஷ்டம் நீங்கிய சீரியா தளபதியைப் பற்றிப் பேசினாள். ஊர் திரும்பும்போது குணமான இடத்திலிருந்து இரண்டு கோவேறு கழுதை சுமக்கும் அளவு மண்ணை அவன் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அந்த மண்ணில் முழங்கால் போட்டால்தான் கடவுள் கேட்பார் என்று அவனுக்கு ஒரு எண்ணம். குணமாக்கிய தீர்க்கதரிசி அவனைத் திருத்தவில்லை, சமாதானமாய்ப் போ என்று அனுப்பிவிட்டார். "நாம எல்லாரும் ஊர் மண்ணை ஒரு மூட்டை கட்டிட்டுத்தான் வந்திருக்கோம்னு எங்க பாஸ்டர் மடோண்டோ சொல்வார்" என்று முடித்தாள்.

பழக்கதோஷம்.

தேநீர் குடிக்கும்போது டோமிசியான் பக்கத்தில் வந்தான். "யாரு அந்த பாஸ்டர்? ஒரு நாள் இங்க கூட்டிட்டு வாயேன்."

ருவாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னாள்.

"அடிப்பாவி! நாலு மாசமாவா?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "இன்னைக்கே கூப்பிட்டுச் சொல்லிடு. நாளைக்குன்னா நீ சொல்ல மாட்டே."

சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"போன மாசம் அவருக்கு முதுகுவலின்னு சொன்னியேடி."

"ஆமாம்மா."

"பதினேழு பொம்பளைங்க தரையில முழங்கால் போட்டு அழுது ஜெபிச்சோமே. அந்த ஜெபம் யாருக்குடி போச்சு?"

அம்மா போனை வைத்துவிட்டாள்.

இரண்டு ஞாயிறு அம்மாவிடமிருந்து அழைப்பு வரவில்லை. ருவா அழைத்தாலும் எடுக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் குழாய் கழுவுகையில் யோசிக்க எதுவும் இல்லாமல் போனது. அந்த வெறுமைதான் அவளை அதிகம் வாட்டியது. மூன்றாவது வாரம் போன் அடித்தது.

"வியாழக்கிழமை கூட்டத்துல எழுந்து நின்னு சொல்லிட்டேன்" என்றாள் அம்மா. "எம் பொண்ணு பொய் சொல்லிட்டா, நான் அதை ஊரெல்லாம் பரப்பினேன்னு. என் ஆயுசுல அப்படித் தலை குனிஞ்சதில்ல."

"மன்னிச்சுடுங்கம்மா."

"கோபம் இன்னும் போகலை. போகட்டும், அதுக்கு நாளாகும்." பிறகு கேட்டாள், "அங்க அவங்க நற்கருணை அப்பத்தை வாங்கிக்கிறியா?"

"இல்லம்மா. அப்பம் வேணாம்னு காட்ட கையை நெஞ்சுமேல குறுக்க வெச்சுட்டுப் போவேன். பாதர் தலையில கை வெச்சு ஆசீர்வதிப்பார்."

"முழங்கால் போடுறியா?"

"எல்லாரும் போடும்போது போடுவேன்."

"தரை சில்லுன்னு இருக்குமே."

"இருக்கும்மா."

"கம்பளிக் காலுறை போட்டுக்க" என்றாள் அம்மா. அப்புறம் அந்தக் கோயிலில் என்னென்ன பாட்டுப் பாடுவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள். ருவா தனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னாள்.