கைலாசம் வாங்கிய முட்டை

ஐந்து நாள் விடாமல் அடித்த ஐப்பசி மழை ஓய்ந்த காலையில், கைலாசம் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு தறியில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் இறக்கினார். மிதிகட்டை இருக்கவேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருந்தது. சொரசொரவென்று, சில்லென்று. அது மூச்சு விட்டது.

காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். குழியின் மூலையில் முழங்கை நீளத்துக்கு மேலே ஓர் உடும்பு. பிளந்த நாக்கை நீட்டி நீட்டி உள்ளே இழுத்தது. வால் நுனி நைந்திருந்தது. இடுப்பில் ஒரு கயிறு கட்டி, அறுந்த முனை பின்னால் இழுபட்டுக் கிடந்தது.

"மங்கை! இங்க வா. இன்னான்னு பாரு."

மங்கையர்க்கரசி ராட்டையை விட்டுவிட்டு வந்து பார்த்தாள். பார்த்த வேகத்தில் தெருவுக்கே ஓடிவிட்டாள். திரும்பி வரும்போது எதிர்வீட்டு அம்சாவும் கூட வந்தாள். அம்சா வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். எந்த விஷயத்துக்கும் ஓர் அபிப்பிராயம் வைத்திருப்பவள்.

"இடுப்புல கயிறு இருக்குது பாருங்கண்ணா. திருடனோட உடும்பு. செவுரு ஏறத்துக்கு இதத்தான் வுடுவாங்களாம்."

"அது இருக்கட்டும். இது கால்ல பட்டா இன்னா பலன்?" என்றாள் மங்கை.

கைலாசம் பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினார். பல்லி தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால், பாதத்தில் விழுந்தால் என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது. உடும்பைப் பற்றி ஒரு வரி இல்லை.

"பல்லின்னா சின்ன காஞ்சிபுரம் போயி வரதராஜர் கோயில் தங்கப் பல்லியத் தொட்டுட்டு வந்துடலாம். இதுக்கு எதத் தொடுறது?" என்று அம்சா கேட்டாள்.

தையில் மகளை ஆரணியில் கட்டிக்கொடுத்தபின் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். கல்யாணப் புடவை ஒன்று பாதியில் தறியில் நின்றது. உடும்பை அடித்துத் துரத்தச் சொன்னாள் மங்கை. கைலாசம் கோலை எடுத்தார். அது அவரை நிமிர்ந்து பார்த்தது. கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, குழிக்கு நடுவில் ஒரு பலகையைச் செருகி, இந்தப் பக்கம் காலை வைத்து நெய்யத் தொடங்கினார்.

மூன்று நாள் ஆயிற்று. அது போகவும் இல்லை, எதையும் தின்னவும் இல்லை. வாழைப்பழம் வைத்தார். தயிர் சோறு வைத்தார். எறும்புதான் வந்தது. நான்காம் நாள் மாட்டாஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் சாமுவேலைக் கேட்டார்.

"ஆடு, மாடு, கோழின்னு வருவாங்க. உடும்புக்கு வந்த மொத ஆளு நீங்கதான்" என்று டாக்டர் சிரித்தார். "வாலு தானா ஆறிடும். முட்டை வையுங்க, திங்கும்."

கைலாசத்தின் பரம்பரையில் முட்டையைத் தொட்டவர் கிடையாது. தினம் ஏகாம்பரநாதரைப் பார்க்காமல் பல்லில் தண்ணீர் படாது. தன்னைத் தெரியாத கடையாகத் தேடி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நடந்தார். விபூதியைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "ஒரு முட்டை" என்றார். துண்டில் முடிந்து, மங்கை குழாயடிக்குப் போன நேரத்தில் குழிக்குள் வைத்தார். பிறகு இரண்டு முறை கை கழுவினார்.

குழாயடியிலிருந்து வந்த மங்கை குழிக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் முகமே மாறிவிட்டது.

"ஏங்க, இத பாருங்க. முட்ட வச்சிருக்குது!"

கைலாசம் வாயைத் திறந்தார். கடை, துண்டு, துடைத்த விபூதி எல்லாம் நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டார்.

"புள்ளத்தாச்சியா வந்திருக்குது. நாம இன்னாடான்னா தொரத்தப் பாத்தோம்" என்று சொல்லிக்கொண்டே மங்கை ஒரு கோணிப்பையை உதறி மூலையில் விரித்தாள். "மிதிய மெதுவா மிதிங்க. அதிருது பாருங்க."

மறுநாள் காலை முட்டையைக் காணோம். ஓடுகூட இல்லை. மங்கைக்கு அழுகை வந்துவிட்டது. "பசிங்க. பெத்ததையே தின்னுடுச்சு." அவள் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் கைலாசம் மறுபடி ஸ்டேஷன் பக்கம் போனார். சாயங்காலம் குழியில் இன்னொரு முட்டை இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. தினம் ஒன்று வைப்பதும் தினம் அதைத் தின்பதுமாக இது என்ன பிறவி என்று மங்கை குழம்பினாள். இப்படி ஆரம்பித்ததை எங்கே நிறுத்துவது என்று கைலாசம் குழம்பினார். நெய்கிற கவனம் சிதறிப் புடவையில் பூ ஒன்று தப்பி, அரை முழம் பிரிக்க வேண்டியதாயிற்று.

எட்டாம் நாள் பகலில் ஓர் ஆள் வாசலில் வந்து நின்றான். முட்டிவரை சேறு. தன் பெயர் கலியன், ஊர் தென்னேரி என்றான்.

"ஏரிக்கரையில ஒரு உடும்பு புடிச்சேன் ஐயா. சைக்கிள்ல கட்டி எடுத்தாந்தேன். இந்தத் தெருவாண்ட கயிறு அறுந்துக்கினு ஓடிடுச்சு. வூடு வூடா கேட்டுக்கினு வரேன். எம் பொண்டாட்டி அங்கம்மா மூணு மாசமா இடுப்பு வுட்டுப்போயி படுத்துக்கினு இருக்குறா. உடும்புத் தைலம் போட்டா எழுந்துக்குவான்னு சொன்னாங்க."

கைலாசம் பதில் சொல்வதற்குள் மங்கை முன்னால் வந்து நின்றாள். "இங்க எந்த உடும்பும் வர்லியே" என்றாள். கண் இமைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் பொய் சொல்லிக் கைலாசம் கேட்டதில்லை.

கலியன் அவரைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்க ஐயா."

படுத்துக் கிடக்கிற ஒரு பெண். குழியில் கோணிமேல் கிடக்கிற ஓர் உயிர். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பாவமாகத்தான் பட்டது கைலாசத்துக்கு. "அவ சொன்னாப்பலதான்" என்று முணுமுணுத்தார்.

"பாத்தா சொல்லி அனுப்புங்க. ஆம்பள உடும்பு. நல்லா வளந்தது" என்று சொல்லிவிட்டுக் கலியன் படியிறங்கினான்.

கைலாசத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடித் தெருமுனையில் அவனைப் பிடித்தார். "தைலம் எல்லாம் வேணாம்பா. பெரியாஸ்பத்திரில எலும்பு டாக்டர் இருக்காரு. வண்டி கட்டி இட்டுக்கினு வா. நான் கூட வரேன்."

கலியன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "நான் உடும்பத்தானே கேட்டேன்?" என்றான். பிறகு என்ன நினைத்தானோ, "எந்தக் கெழம வரணும்?" என்று கேட்டான்.

"புதன்."

திரும்பி வந்தபோது மங்கை குழியோரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஆம்பளன்னு சொல்லிட்டுப் போறானே. அப்ப அந்த முட்ட?"

இனி மறைக்க முடியாது. முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தார் கைலாசம். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை.

"முட்ட வச்ச பொம்பளயாச்சேன்னு ஒரு மனுஷன்கிட்ட வாய்கூசாம பொய் சொன்னேன். நான் யாருக்காகச் சொன்னேங்க?"

அன்று சாயங்காலம் அவர் வாங்கி வந்த முட்டையைக் குழிக்குள் வைத்தது அவள்தான். முந்தானையால் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தாள்.

புதன்கிழமை கலியன் மாட்டுவண்டியில் மனைவியைக் கொண்டுவந்தான். இடுப்பெலும்பு விலகியிருக்கிறது, ஒரு மாதம் கட்டுப்போட்டுப் படுக்கவேண்டும் என்றார் எலும்பு டாக்டர். மங்கை தினம் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனாள். கலியன் கையெடுத்துக் கும்பிட்டபோதெல்லாம் வேறு பக்கம் பார்த்தாள். உடும்பைப் பற்றி அவனும் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கவில்லையா என்பது கைலாசத்துக்குப் பிடிபடவே இல்லை.

கார்த்திகையில் வெயில் எட்டிப்பார்த்த ஒரு நாள், உடும்பு குழிக்கு நடுவில் செருகிய பலகையைத் தாண்டி, தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலின்மேல் ஏறப்பார்த்தது. நகம் பட்டால் பட்டு போச்சு. "வால் ஆறிடுச்சு. கொண்டுபோயி வுட்டுடலாங்க" என்றாள் மங்கை. தென்னேரி வேண்டாம் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை. கூடையில் போட்டு மூடிக் கட்டி, திருமுக்கூடல் போகும் பஸ் ஏறினார்கள். கூடையில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில், "பூசணிக்காய்" என்று அவரும், "துணி" என்று அவளும் சொன்னார்கள்.

மூன்று ஆறும் சேருகிற இடத்தில் செந்நிறத் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. கைலாசம் உடும்பின் இடுப்புக் கயிற்றை அறுத்துக் கீழே விட்டார். அது மணலில் வயிறு பதியக் கிடந்தது. போகவில்லை. இவர்களும் நின்றார்கள். தன்னை இது திரும்பிப் பார்க்குமா என்று அவர் எதிர்பார்த்தார். எதற்காக எதிர்பார்க்கிறோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. புதருக்குள் போகும் என்று நினைத்தார்கள். அது நேரே தண்ணீருக்குள் இறங்கியது.

"ஐயோ, நீந்துமா அது?" என்று மங்கை அவர் கையைப் பிடித்தாள்.

"எனக்கு இன்னா தெரியும்?"

தலை மட்டும் மேலே தெரிய, வாலை வளைத்து வளைத்து அது ஓட்டத்துக்குக் குறுக்கே போயிற்று. நடுவில் ஒருமுறை மறைந்தது. பிறகு தெரிந்தது அதுதானா, மிதந்து வந்த கட்டையா என்று இருவராலும் சொல்ல முடியவில்லை. தூரத்தில் பஸ் ஹாரன் அடித்தது. காலி கூடையைத் தூக்கிக்கொண்டு ஈர மணலில் கால் புதையப் புதைய ஓடினார்கள்.