மினெகவாவின் பச்சை ஸ்லிப்பர்

நெரிமாவில் எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். ஆறாம் வகுப்பு படிக்கும் பெண் எந்த வீட்டில் இருக்கிறாள் என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை காலை படியிறங்கும் அம்மாக்களைப் பார்த்தால் போதும். கருநீலக் கோட்டு, கருநீலப் பாவாடை, கையில் கருநீலப் பை. பைக்குள் மடித்து வைத்த கருநீல ஸ்லிப்பர். ஏதோ ஒரு தனியார் பெண்கள் பள்ளி, பெண்ணைச் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்குக் கூட்டம் போட்டிருக்கிறது, வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு இந்த ஸ்லிப்பரை மாட்டிக்கொண்டு அம்மா உள்ளே போகப்போகிறாள் என்று அர்த்தம். எந்தப் பள்ளி என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், "சும்மா பாத்துட்டு வரலாம்னு" என்பார்கள். துக்க வீட்டுக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு யாரும் சும்மா போவதில்லை. அதையும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

இந்த வருஷம் அந்தப் பை இரண்டாம் மாடி அட்சுகோவின் கையில் இருந்தது. அவள் மகள் ஷியோரிக்குப் பன்னிரண்டு வயது. அட்சுகோவுக்குத் தூக்கம் போய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது.

பிரச்சினை இதுதான். அவள் மனதில் இருந்தவை இரண்டு பள்ளிகள். ஒன்று ரெய்கா. மேட்டின்மேல் இருக்கும் நூறு வருஷப் பள்ளி. பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் முதுகை நிமிர்த்திக்கொள்வார். இன்னொன்று மினெகவா. ஆற்றங்கரையில், ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிஷ நடை, சாக்லேட் நிறச் சீருடை. பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர், "ஓ, நல்ல பள்ளிக்கூடம்" என்று சற்றுத் தாமதித்துச் சொல்வார். இரண்டு பள்ளியிலும் ஏழாம் வகுப்பில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வு பிப்ரவரி ஒன்றாம் தேதி காலையில்தான். ஷியோரி இருப்பதோ ஒருத்தி.

டியூஷன் ஆசிரியர் கூப்பிட்டு உட்காரவைத்துக் கணக்குச் சொல்லியிருந்தார். மாதிரித் தேர்வில் ஷியோரியின் தரப்புள்ளி ஐம்பத்தெட்டு. ரெய்காவுக்கு அறுபத்தைந்து வேண்டும். இவளைப்போலப் பத்துப் பேர் ரெய்கா எழுதினால் இரண்டு பேர் தேறுவார்கள். மினெகவா எழுதினால் எட்டுப் பேர். முடிவு உங்கள் கையில் என்று சொல்லி அவர் கையைக் கழுவிக்கொண்டார்.

அடுக்களைச் சுவரில் தொங்கிய, மார்ச்சில் முடியும் பள்ளி வருஷக் காலண்டரில் அட்சுகோ பிப்ரவரி ஒன்றாம் தேதிக் கட்டத்தில் பென்சிலால் ரெய்கா என்று எழுதுவாள். சோறு வெந்து இறக்குவதற்குள் அழித்துவிட்டு மினெகவா என்று எழுதுவாள். அழித்தழித்து அந்தக் கட்டம் மட்டும் மெலிந்து ஓட்டையாகும் நிலைக்கு வந்துவிட்டது. கணவன் யசுஹிரோ, பெண்ணையே கேட்டுவிடேன் என்றான். பெண்ணைக் கேட்டால், "எதுன்னாலும் சரி" என்று சோற்று உருண்டையைச் சுற்றிய கடல்பாசியைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தப் பதிலைக் கேட்டு அட்சுகோ இன்னும் இரண்டு நாள் தூங்கவில்லை.

இதில் மூன்றாம் மாடி தொகுநாகா வேறு. அவள் மகள் மனாமி ரெய்காவில் படிக்கிறாள். மனாமியின் ரெய்காச் சீருடை வாரம் தவறாமல் பால்கனியில் காயும், அதுவும் சைக்கிள் கொட்டகைக்கு வருகிற எல்லார் கண்ணிலும் படும் முன்பக்கக் கம்பியில். செப்டம்பரில் அட்சுகோ அவளிடம் போய், ரெய்காவின் பழைய கேள்வித்தாள் புத்தகங்களை இரவல் வாங்கி வந்தாள். ஐந்து வருஷப் புத்தகங்கள், ரிப்பன் கட்டி. வாங்கிய அன்றே குடியிருப்பு முழுக்கச் செய்தி போய்விட்டது: ஷியோரி ரெய்கா எழுதுகிறாள். அட்சுகோ ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நேரில் விசாரித்த நாலாம் மாடி அம்மாளிடம் லேசாகத் தலைகுனிந்து சிரித்துவைத்தாள். எங்கள் ஊரில் அந்தச் சிரிப்புக்கு ஆமாம் என்றுதான் பொருள்.

அதனால் நவம்பரில் மினெகவாவின் கடைசிக் கூட்டத்துக்கு ஆன்லைனில் இடம் பிடித்ததை யாருக்கும் சொல்லவில்லை. காலை பத்து மணிக்குப் பதிவு திறக்கும் என்று ஆபீஸ் கழிப்பறையில் ஃபோனோடு உட்கார்ந்திருந்து பிடித்த இடம். பிடித்த பிறகு, எதற்குப் பிடித்தோம் என்று அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். கணவனிடம் பல் டாக்டரிடம் போவதாகச் சொன்னாள்.

அன்றைக்கென்று ஸ்லிப்பரை மறந்துவிட்டாள். மினெகவா வாசலில் பையைத் திறந்தால் குடை இருக்கிறது, மூக்குக் கண்ணாடி இருக்கிறது, ஸ்லிப்பர் மட்டும் இல்லை. வரவேற்பில் நின்ற மாணவி ஒரு கூடையை நகர்த்தினாள். அதில் விருந்தாளிகளுக்கான ஸ்லிப்பர்கள். பாட்டில் பச்சை நிறம். மேலே பொன்னிறத்தில் இருந்த பள்ளியின் பெயர் உதிர்ந்துபோய் ஒரு கோடு மட்டும் மிச்சம். இருநூறு ஜோடிக் கருநீலக் கால்களுக்கு நடுவே தன் கால் மட்டும் பச்சையாக இருக்க, அட்சுகோ அதை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். தலைமை ஆசிரியை பேசியதில் ஒரு வார்த்தை மனதில் நிற்கவில்லை.

கூட்டம் முடிந்து பள்ளியைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது ஃபோன் அதிர்ந்தது. டியூஷனிலிருந்து மாதிரித் தேர்வு முடிவு. ஷியோரிக்கு அறுபத்திரண்டு.

அவ்வளவுதான். அட்சுகோவின் தலைக்குள் ரெய்கா கடகடவென்று எழுந்து நின்றது. பத்தில் இரண்டு இப்போது பத்தில் நான்காகியிருக்கும். ஒருவேளை ஐந்து. சமையல் வகுப்பறைப் பக்கமாக ஒரு வாசல் திறந்திருந்தது, எல்லாரும் அதன் வழியே வெளியேறினார்கள், அவளும் வெளியேறினாள். ஷூ போட்ட பிளாஸ்டிக் பை அவள் கக்கத்திலேயே இருந்தது. ஒரு நிலையத்தில் ரெய்கா, அடுத்த நிலையத்தில் மினெகவா, அதற்கடுத்ததில் மறுபடி ரெய்கா என்று இரண்டு ரயில் மாறி வந்து சேர்ந்தாள். வழியில் எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவரின் காலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

தெரிந்தவர் திறப்பார். சைக்கிள் கொட்டகையில் தொகுநாகா பழைய செய்தித்தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து பார்த்தாள்.

"என்ன ஷியோரி அம்மா, கால் ரெண்டும் பச்சைப் பசேல்னு இருக்கு? மினெகவா போயிட்டு வர்றீங்களா?"

அட்சுகோவும் அப்போதுதான் தன் காலைப் பார்த்தாள்.

"என் தங்கச்சி பொண்ணுக்காகப் போனேங்க. அவ சைதாமாலேர்ந்து வரமுடியல, அதான்."

"உங்களுக்கு அண்ணன் ஒருத்தர்தானே?"

"பெரியம்மா பொண்ணு. தங்கச்சி முறை."

"அப்படியா. நல்ல பள்ளிக்கூடந்தான். வந்தவங்களுக்கு ஸ்லிப்பர்லாம் போட்டு அனுப்புறாங்களே." சொல்லிவிட்டுக் கயிற்றில் இன்னொரு முடிச்சைப் போட்டு இறுக்கினாள்.

சாயங்காலத்துக்குள் நாலாம் மாடி அம்மாள் படியில் நிறுத்தி, ஷியோரி நன்றாக இருக்கிறாளா என்று கேட்டாள், ஆஸ்பத்திரியில் இருப்பவர்களைப் பற்றி விசாரிக்கும் குரலில். வீட்டில் யசுஹிரோ வாசலில் கழற்றிப் போட்டிருந்ததைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்பல்லாம் பல் டாக்டர் ஸ்லிப்பர்தான் குடுக்கறாரா?" என்றான்.

மறுநாள் அதைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவைத்தாள். மன்னிப்புக் கடிதம் நாலு தடவை எழுதிக் கிழித்தாள். பெயர் போட்டால் பள்ளியில் குறித்துவைத்துக்கொண்டு, தேர்வு நாளில் ஸ்லிப்பர் தூக்கியவளின் பெண் இவள்தான் என்பார்களோ. பெயர் போடாவிட்டால் மொட்டைக் கடிதம் ஆகிவிடுமே. பார்சலில் அனுப்பிவிடு என்ற கணவனிடம், பார்சலிலும் முகவரி எழுதவேண்டும் என்று எரிந்துவிழுந்தாள். இதையெல்லாம் மேஜையில் கணக்குப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்த ஷியோரி பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டுப் பல வாரம் ஆகியிருந்தது.

"ரெண்டு ரயில் மாறி வந்திருக்கியேம்மா. செவ்வாக்கிழமை எனக்கு டியூஷன் இல்ல. நானும் வரேன், நேர்லயே குடுத்துடலாம்."

செவ்வாய்க்கிழமை மழை. பள்ளி விழா நாளில் ஷியோரி மினெகவாவை ஒருமுறை பார்த்திருந்தாள். அன்று எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். சிரிக்கச் சொல்லித்தான் நிறுத்தியிருந்தார்கள். இன்றைக்கு யாரும் இவர்களை எதிர்பார்க்கவில்லை. அம்மா மட்டும் கருநீல உடையில், ஒரு பலகாரப் பெட்டியோடு அலுவலக ஜன்னலில் போய் இடுப்பை வளைத்தாள்.

உள்ளே இருந்த பெண்மணி ஸ்லிப்பரை வாங்கி, பார்க்காமலேயே கூடையில் போட்டாள். வருஷத்துக்கு நாலு பேராவது இப்படிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்களாம். ஆறாம் வகுப்பு அம்மாக்கள் மட்டுந்தானாம்.

"எல்லாரும் கொண்டுவந்து குடுத்துடுவாங்களா?"

"பாதிப் பேரு." பெயரைக் கேட்கவில்லை. பலகாரப் பெட்டியை மட்டும் திருப்பித் தள்ளினாள். "இத நாங்க வாங்கக் கூடாதுங்க. பொண்ணு பரீட்சை எழுதுவா இல்ல?"

தெரிந்துதான் சொல்கிறாளா, பொதுவாகச் சொல்கிறாளா என்று அட்சுகோ குழம்பிக்கொண்டிருந்த நேரத்தில் ஷியோரியைக் காணவில்லை.

மழை என்பதால் கயிறிழுக்கும் பயிற்சியை மைதானத்திலிருந்து கீழ்த்தள நடைவழிக்கு மாற்றியிருந்தார்கள் போல. முப்பது பெண்கள், கசங்கிய விளையாட்டு உடையில், ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு பக்கம் ஆள் குறைவு. ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த ஷியோரியை ஒரு நெட்டைப் பெண் பிடித்துவிட்டாள்.

"நீ எந்த கிளாஸ்?"

"நான் இங்க படிக்கல. வெளி ஆளு."

"கை இருக்குல்ல? பிடி."

அட்சுகோ மூலையைத் திரும்பியபோது, ஷியோரியின் ஸ்லிப்பர் இரண்டும் ஆளுக்கொரு திசையில் கிடந்தன. அவள் வெறும் காலுறையோடு, பல்லைக் கடித்துக்கொண்டு, மெழுகு போட்ட தரையில் சறுக்கிக்கொண்டே போனாள். அவள் பக்கம் தோற்றது. தோற்ற வரிசை மொத்தமும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து ஊளையிட்டது. ஆசிரியர் அறையிலிருந்து ஒருவர் வெளியே வந்து, இது பள்ளிக்கூடமா மீன் மார்க்கெட்டா என்று கத்தினார். எல்லாரும் எழுந்து தலைகுனிந்து நின்றார்கள். ஷியோரியும் நின்றாள். தனக்குச் சம்பந்தமில்லாத அந்தத் திட்டைப் பங்கு போட்டு வாங்கிக்கொண்டு நின்ற முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

திரும்பும் வழியில், ரயிலுக்குக் காத்திருந்தபோது ஷியோரி பலகாரப் பெட்டியைப் பிரித்துச் சாப்பிட்டாள். மூன்றாவதை வாயில் போட்டுக்கொண்டு, "ஒண்ணாந்தேதி இங்கயே எழுதறேன்" என்றாள்.

"அறுபத்திரண்டு வந்திருக்குடி. கொஞ்சம் முட்டினா ரெய்காவே கிடைச்சாலும் கிடைக்கும்."

"தெரியும். அதான் இப்பவே சொல்றேன். அறுபத்தஞ்சு வந்துட்டா நீ கேக்கமாட்டே."

அட்சுகோ வீட்டுக்கு வந்து காலண்டரில் மினெகவா என்று பேனாவால் எழுதினாள். பேனா முனை ஏற்கெனவே மெலிந்திருந்த கட்டத்தைக் கிழித்துக்கொண்டு மார்ச் மாதத்தில் இறங்கியது. ஒரு வாரம் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பள்ளி எரிந்துபோனால்? தலைமை ஆசிரியை மாறிவிட்டால்? கயிறிழுத்த பெண்கள் எல்லாரும் மேல் வகுப்புக்குப் போய்விட்டால்? இத்தனைக்கும் மேலே ஒரு வேலை மிச்சமிருந்தது. ரெய்காப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ரிப்பனைப் புதிதாகக் கட்டிக்கொண்டு மூன்றாம் மாடி ஏறினாள். படியேறும்போதுதான் ஒன்று உறைத்தது. ஸ்லிப்பரில் எழுத்து உதிர்ந்து ஒரு கோடுதானே இருந்தது. மினெகவா என்று தொகுநாகா எப்படிக் கண்டுபிடித்தாள்?

கதவு திறந்தது. தொகுநாகா கையில் துணி மாட்டும் கிளிப்புகள். கூடத்தைத் தாண்டி பால்கனிக் கதவு திறந்திருந்தது. சீருடை காய்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே, துணி உலர்த்தப் போகும்போது மாட்டிக்கொள்வதற்காக ஒரு ஜோடி. வெயிலில் வெளிறியிருந்தாலும் பாட்டில் பச்சைதான்.

அட்சுகோ பார்த்ததைத் தொகுநாகா பார்த்தாள். புத்தகக் கட்டை வாங்கிக்கொண்டு, பிரிக்காமல், சிறிது நேரம் ரிப்பனையே தடவினாள்.

"திருப்பிக் குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன்."

"என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கலங்க."

"பேரு?"

"அதுகூடக் கேக்கல."

தொகுநாகா பால்கனிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சொன்னாள். மூன்று வருஷமாகக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் கொடுக்கவேண்டும் என்றே இருக்கிறதாம். முதலில் வெட்கம், பிறகு ரெய்கா கிடைத்துவிட்டது, அதன்பின் எந்த முகத்தோடு அங்கே போவது.

"அன்னிக்கு மனாமியும் கூட வந்திருந்தா. அவளுக்கு அந்த இடம் பிடிச்சுப்போச்சு. நான்தான் வழியெல்லாம் புள்ளி கணக்குப் போட்டுட்டு வந்தேன், கால்ல என்ன இருக்குன்னே தெரியாம."

உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் மனாமி இருந்தாளா இல்லையா என்று தெரியவில்லை. தொகுநாகா பால்கனிக்குப் போய், ஸ்லிப்பரை எடுத்து ஒன்றோடொன்று தட்டித் தூசு போக்கி, கடைப் பையில் போட்டு நீட்டினாள். குரல் பழையபடி சைக்கிள் கொட்டகைக் குரலாகிவிட்டது.

"பொண்ணைச் சேக்கப் போவீங்கல்ல ஷியோரி அம்மா, அப்ப இதையும் அந்தக் கூடையில போட்டுடுங்க. யாருதுன்னு சொல்லவேணாம். தங்கச்சி முறைன்னு சொல்லுங்க."

அட்சுகோ வாங்கிக்கொண்டாள். வாங்காமல் எப்படி இருப்பது. இரண்டாம் மாடிக்கு இறங்கி ஷூ அலமாரியின் கீழ்த்தட்டில் அதை வைத்துக் கதவைச் சாத்தினாள். உடனே திறந்து பார்த்தாள். பத்தில் எட்டுப் பேர் தேறுவார்கள் என்று சொன்னாரே அந்த ஆசிரியர், மீதி இரண்டு பேர் யார் என்று சொல்லவில்லையே. ஷியோரி தேறவில்லை என்றால் இந்த ஸ்லிப்பரை எந்த முகத்தோடு எடுத்துக்கொண்டு போவது?

அன்றிலிருந்து பிப்ரவரி ஒன்றுவரை அட்சுகோ வீட்டைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் படியில் இரண்டு தரம் நிற்பாள். முதல் தரம், தன் காலில் இருப்பது ஷூதானா என்று குனிந்து பார்க்க. இரண்டாம் தரம், திரும்பிப் போய் அந்தக் கீழ்த்தட்டைப் பார்த்துவிட்டு வர.